யூத ஆண்டோடு சேர்ந்து நடக்க: ஜெப ஆலயத்தின் பருவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் 4ஆம் தேதி மாலை, டொராண்டோவில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஜெப ஆலயத்தில் தினசரித் தொழுகையின் ஒரு வரி மாறும். அதுவரை "ஆசி தா" என்று மட்டும் சொல்லி வந்தவர்கள் அன்றிலிருந்து "பனித்துளியையும் மழையையும் ஆசியாகத் தா" என்று சொல்லத் தொடங்குவார்கள். வெளியே கார்களின் மேல் உறைபனி படிந்திருக்கும். இந்த ஊருக்கு அப்போது மழை தேவையே இல்லை.

அந்த மழை இந்த ஊருக்கானதும் இல்லை. இஸ்ரேல் மண்ணில் உழவு தொடங்குவதற்கான மழை அது. அங்கே இருப்பவர்கள் ஹெஷ்வான் மாதம் 7ஆம் நாளிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வெளியூர்களில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஒரு காலத்தில் பாபிலோனியாவில் வாழ்ந்த யூதர்கள் வைத்துக்கொண்ட கணக்குதான் இன்றும் அவர்களுக்கு: இலையுதிர்காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து 60ஆம் நாள். பழைய ஜூலியன் முறைப்படி எண்ணுவதால் அது இப்போது டிசம்பர் 4 மாலைக்கு வருகிறது, சில ஆண்டுகளில் 5ஆம் தேதி மாலைக்கு.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் யூத ஆண்டின் பாதி புரிந்துவிடும். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவர்களுடைய நாட்காட்டி ஒரே மண்ணின் விதைப்பையும் அறுவடையையும் பார்த்துத்தான் ஓடுகிறது. உறைபனிக்குள் பொங்கல் பானை வைக்கிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

யூத அயலவர், உடன் வேலை செய்கிறவர், பிள்ளையின் பள்ளித் தோழர் என்று யாராவது உங்கள் வாழ்க்கையில் இருந்தால், அவர்களுடைய ஆண்டோடு கூடவே நடந்து பார்க்க ஆசைப்பட்டால், இந்த வழிகாட்டி உங்களுக்காக. நான் யூதன் இல்லை. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரன். கண்டதையும் கேட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

படி 1: நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

யூத மாதம் அமாவாசை கழிந்து பிறை தெரியும்போது பிறக்கிறது. ஒரு மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதம் சேர்த்தால் சுமார் 354 நாள்தான் வரும், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. அப்படியே விட்டுவிட்டால் பண்டிகைகள் ரம்ஜான் மாதிரி எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். ஆனால் எகிப்திலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் பஸ்கா வசந்தத்தில்தான் வரவேண்டும் என்பது தோரா என்கிற அவர்களுடைய வேதத்தின் கட்டளை. அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு முழு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கங்களில் அதிக மாதம் வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே யோசனைதான். இங்கே கூடுதலாக வருவது ஆதார் மாதம். அந்த ஆண்டுகளில் முதல் ஆதார், இரண்டாம் ஆதார் என்று இரண்டு.

ஒரு உதாரணம். 2026இல் பஸ்கா ஏப்ரல் 1 மாலை. அந்த ஆண்டு செப்டம்பர் 11 மாலை பிறக்கும் 5787ஆம் ஆண்டுக்கு 13 மாதம். ஆகவே 2027இல் பஸ்கா ஏப்ரல் 21 மாலைக்குத் தள்ளிப் போகிறது. "இந்த வருஷம் பண்டிகை லேட்" என்று யூத நண்பர் சொன்னால் அர்த்தம் இதுதான்.

மாதப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஆனால் வரிசை காதில் விழுந்திருக்கட்டும்: திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ், தெவேத், ஷெவாத், ஆதார், நிசான், இய்யார், சிவான், தம்மூஸ், ஆவ், எலூல். ஆண்டு எண் மாறுவது திஷ்ரியில். ஆனால் தோரா முதல் மாதமாக எண்ணுவது வசந்தத்து நிசானை. இரண்டு தொடக்கம் எப்படி என்று குழம்ப வேண்டாம். நமக்கும் சித்திரையில் ஆண்டு பிறக்கிறது, தை பிறந்தால் வழி பிறக்கிறது.

இன்னொரு எளிய வழி, வானத்தைப் பார்ப்பது. பஸ்கா, கூடாரப் பண்டிகை, மரங்களின் புத்தாண்டு மூன்றும் மாதத்தின் 15ஆம் நாள். பூரிம் 14. எல்லாம் முழுநிலா நாட்கள். ஆண்டுப் பிறப்பு மட்டும் நிலா இல்லாத இரவில் வரும்.

அப்புறம் ஒரு கேள்வி வரும். ஒரே பண்டிகையை இஸ்ரேலில் ஒரு நாளும் வெளிநாட்டில் இரண்டு நாளும் கொண்டாடுவது ஏன்? முற்காலத்தில் எருசலேமில் சாட்சிகள் பிறையைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மாதப் பிறப்பை அறிவித்தார்கள். தூர தேசங்களுக்குச் செய்தி போய்ச் சேர நாளாகும் என்பதால் அங்கே இருந்தவர்கள் பாதுகாப்புக்கு இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டில் இரண்டாம் ஹில்லேல் கணித முறையை நிலைப்படுத்தினார் என்பது மரபு. சந்தேகம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் முன்னோர் பழக்கத்தை விடவில்லை. சீர்திருத்தப் பிரிவினரில் பெரும்பாலோர் ஒரே நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் நண்பருடைய ஆலயம் எந்தப் பிரிவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். லீவு எத்தனை நாள் என்பதிலிருந்து பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்பது வரை எல்லாம் அதைப் பொறுத்தது.

படி 2: வாரத்தைப் பழகுங்கள்

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. எந்தத் தேதியைச் சொன்னாலும் முந்தைய நாள் மாலையைச் சேர்த்தே மனதில் வையுங்கள். இதை மறந்துதான் நான் முதல் வருஷம் வாழ்த்துச் சொல்ல ஒரு நாள் தாமதமாகப் போனேன்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது விளக்கேற்றுவது பரவலான வழக்கம். எருசலேமில் 40 நிமிடம் முன்னதாகவே. டிசம்பரில் இது மாலை நாலரைக்கு முன்பே வந்துவிடும், ஜூனில் ஒன்பது மணியை நெருங்கும். அதனால் ஒரு யூதக் குடும்பத்தின் வெள்ளிக்கிழமை பருவத்துக்குப் பருவம் நீண்டும் சுருங்கியும் போகும். குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் நண்பர் மதியமே வேலையிலிருந்து கிளம்பினால் காரணம் இதுதான்.

அந்த நேரத்திலிருந்து சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும் வரை சபாத் என்கிற ஓய்வு நாள். கடைப்பிடிக்கிற வீட்டில் தீ மூட்ட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், வண்டி ஓட்ட மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள். பணமும் கைமாறாது. வெள்ளிக்கிழமையே அடுப்பில் வைத்த சோலெண்ட் என்கிற குழம்பு இரவெல்லாம் சிறு சூட்டில் வெந்து சனிக்கிழமை மதியம் தட்டுக்கு வரும். இறைச்சி, பார்லி, பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் கரைந்து ஒன்றாகியிருக்கும். சபாத் முடியும்போது ஹவ்தலா: திராட்சை ரசம், கிராம்பும் பட்டையும் போட்ட வாசனைச் சிமிழ், பின்னல் மெழுகுவர்த்தி. சிமிழைக் கை மாற்றி மாற்றி முகர்ந்துவிட்டு, சுடரை ரசத்தில் அமிழ்த்தி அணைப்பார்கள். சின்னச் சடங்குதான். எனக்கு ஆண்டு முழுவதிலும் மிகப் பிடித்தது இது.

தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக, தேவைப்பட்டால் இரண்டைச் சேர்த்து, ஒரே ஆண்டில் வாசித்து முடிக்கிறார்கள். பழகியவர்களுக்கு அந்தப் பகுதியின் பெயரே வாரத்தின் பெயர். "எங்கள் கல்யாணம் நோவா வாரத்தில்" என்பார்கள்.

படி 3: முதல் முறை போவது எப்போது, எப்படி

பெரிய பண்டிகைக்கு முதல் முறை போகாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஆண்டுப் பிறப்புக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கும் கூட்டம் நிரம்பி வழியும், பல இடங்களில் இருக்கைக்கு முன்பதிவு உண்டு, தொழுகை மணிக்கணக்கில் நீளும். ஹெஷ்வான் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த மாதத்தில் பெரும் பண்டிகை எதுவும் இல்லை. ஓய்ந்திருக்கிற மாதத்தில் ஆட்களுக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும்.

முன்கூட்டியே ஆலய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். இந்தக் காலத்தில் வாசலில் காவல் இருக்கிறது, அறிமுகமில்லாதவரைக் கேள்வி கேட்பார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பட்டது அப்படி. ஆண்கள் தலையை மூடவேண்டும். வாசலில் ஒரு பெட்டியில் சின்னத் தொப்பிகள் இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். போனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சாப்பிட எதுவும் எடுத்துப் போகாதீர்கள். நாம் வெறுங்கையோடு போகப் பழகாதவர்கள்தான், ஆனால் அவர்களுடைய உணவு விதிகள் நுட்பமானவை. நீங்கள் அன்போடு கொண்டுபோகிற கேசரியை அவர்கள் தர்மசங்கடத்தோடு ஓரமாக வைக்க நேரும். பழைமைப் பிரிவில் ஆண்களும் பெண்களும் தடுப்புக்கு இருபுறமும் அமர்வார்கள். தோராச் சுருள்கள் இருக்கும் பேழையைத் திறந்தால் எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள்.

உள்ளே நுழைந்ததும் சுவரைப் பாருங்கள். பல ஆலயங்களில் வெண்கலப் பலகையில் இறந்தவர்களின் பெயர் வரிசை இருக்கும், ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் குன்றிமணி அளவு விளக்கு. அந்த வாரம் யாருக்கு நினைவு நாளோ அந்தப் பெயரின் விளக்கு எரியும். நினைவு நாளை ஆங்கிலத் தேதிப்படி வைப்பதில்லை, எபிரேய மாதத் தேதிப்படிதான். நாம் திதி பார்க்கிற மாதிரியே. வீட்டில் 24 மணி நேரம் எரிகிற மெழுகுவர்த்தி ஏற்றி, ஆலயத்தில் பிள்ளைகள் கதிஷ் என்கிற ஜெபம் சொல்வார்கள். அதைச் சொல்லப் பத்துப் பேர் வேண்டும். பழைமைப் பிரிவில் பத்து ஆண்கள், மற்றப் பிரிவுகளில் பெண்களையும் எண்ணுவார்கள். பிப்ரவரி மாதக் குளிரில் காலை ஆறரைக்கு ஒன்பது பேர் சேர்ந்துவிட்டு, பத்தாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். அன்றைக்குத் தன் தகப்பனுக்குக் கதிஷ் சொல்ல வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். பத்தாவது ஆள் வந்தார், பல் மருத்துவர், கிளினிக் போகிற வழியில். அவர் வந்தது அந்த ஒருவருக்காகத்தான். அந்தக் காலையில் எனக்கு இந்தச் சமூகம் விளங்கியது.

படி 4: எலூலும் திஷ்ரியும்

இதுதான் ஆண்டின் கனமான பகுதி.

திஷ்ரிக்கு முந்தின எலூல் மாதம் முழுக்க, சபாத் தவிர்த்து, காலைத் தொழுகை முடிவில் ஆட்டுக்கடா கொம்பு ஊதுவார்கள். அஷ்கெனசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரின் வழக்கம் இது. ஸ்பெயின் வழி வந்த செபார்டி மரபினர் மாதம் முழுக்க விடியுமுன் எழுந்து மன்னிப்புப் பாடல்கள் பாடுவார்கள். மனத்தாங்கல் உள்ளவர்களைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிற மாதமும் இதுதான். மனிதருக்கு மனிதர் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் பாவநிவிர்த்தி நாள் தீர்க்காது என்பது அவர்களுடைய உறுதியான சட்டம். எலூலில் ஒரு யூத நண்பர் திடீரென்று வந்து "இந்த வருஷம் உங்கள் மனம் நோக நடந்திருந்தால் மன்னியுங்கள்" என்றால், சிரித்து மழுப்பாமல் நேராகப் பதில் சொல்லுங்கள்.

திஷ்ரி 1, ஆண்டுப் பிறப்பான ரோஷ் ஹஷானா. பேழைத் திரையும் தோராச் சுருள்களின் உறையும் வெள்ளைக்கு மாறியிருக்கும். கொம்பின் குரலில் மூன்று வகை: ஒரே நீண்ட ஓசை, மூன்றாக உடைந்த விம்மல், ஒன்பது சின்னத் தேம்பல். ஒரு நாளுக்கு 100 ஓசை என்பது பரவலான வழக்கம். நாள் சபாத்தில் விழுந்தால் பழைமைப் பிரிவினர் அன்று ஊத மாட்டார்கள். 2026இல் முதல் நாள் சனிக்கிழமை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை போனால்தான் கேட்கலாம். வீட்டில் ஆப்பிளைத் தேனில் தொட்டுக் கொடுப்பார்கள். ரொட்டி வட்டமாக இருக்கும். "ஷனா தோவா" என்று வாழ்த்துங்கள், நல்ல ஆண்டு என்று பொருள்.

பத்தாம் நாள் யோம் கிப்பூர், அதாவது பாவநிவிர்த்தி நாள். சுமார் 25 மணி நேரம் உணவில்லை, நீரில்லை, குளியலில்லை, தோல் செருப்பில்லை. வெள்ளை உடையும் துணிச் செருப்புமாக ஆட்கள் ஆலயத்துக்கு நடப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நோயாளி சாப்பிட்டே ஆகவேண்டும், அதுவும் சட்டம்தான். மாலை கோல் நித்ரே என்கிற தொழுகை, மறுநாள் பிற்பகல் யோனாவின் கதை, கடைசியில் வாசல் அடைபடும் நேரத்துத் தொழுகையான நெயிலா. அது முடிந்ததும் ஒரே ஒரு நீண்ட கொம்போசை. அன்று "சந்தோஷமாகக் கொண்டாடுங்கள்" என்று வாழ்த்தாதீர்கள். "நோன்பு எளிதாக அமையட்டும்" என்றால் சரியாக இருக்கும்.

நோன்பு முடித்துச் சாப்பிட்ட அன்று இரவே பலர் சுத்தியலை எடுத்துவிடுவார்கள். ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகை, சுக்கோத். எங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வருஷா வருஷம் நானும் ஒரு கை பிடிக்கிறேன். சுவர் எதுவானாலும் சரி, பலகை, தார்ப்பாய், பழைய கதவு. கூரைக்குத்தான் விதி: மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட தழையாக இருக்கவேண்டும், வெயிலைவிட நிழல் அதிகம் வேண்டும், ஆனால் இரவில் நட்சத்திரம் தெரியவேண்டும். முதல் வருஷம் நான் கீற்று வேய்கிற நினைப்பில் தழையை நெருக்கி அடைத்துவிட்டேன். பெரியவர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்து, "மழை உள்ளே வராதபடி வேய்ந்தால் அது வீடு ஆகிவிடும், கொஞ்சம் விலக்கு" என்றார். ஏழு நாளும் சாப்பாடு அதற்குள்தான். டொராண்டோ அக்டோபரில் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து சூப் குடிப்போம். இஸ்ரேலில் இது பழமும் திராட்சையும் அறுவடையான வெதுவெதுப்பான காலம். அந்தப் பருவத்தைத்தான் இங்கே தார்ப்பாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

கையில் பிடிக்க நான்கு தாவரம்: பேரீச்சையின் விரியாத குருத்து, மூன்று மிர்ட்டில் கொத்து, இரண்டு ஆற்றலரிக் (வில்லோ) கொம்பு, ஒரு எத்ரோக். எத்ரோக் நம் நார்த்தங்காயின் நெருங்கிய உறவு. வடு இல்லாததாக, காம்புக்கு எதிர்முனையில் இருக்கும் சின்ன மூக்கு ஒடியாததாகப் பார்த்து வாங்க, கடையில் பூதக்கண்ணாடியோடு நிற்பார்கள். பஞ்சில் பொதிந்து குழந்தை மாதிரி எடுத்து வருவார்கள்.

ஏழு நாள் முடிந்ததும் எட்டாம் நாள் மழைப் பிரார்த்தனை. ஆனால் அதில் மழையைப் புகழ்வது மட்டும்தான், கேட்பது இல்லை. கேட்க ஹெஷ்வான் 7 வரை ஏன் பொறுத்தார்கள் தெரியுமா? எருசலேமுக்கு யாத்திரை வந்தவர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் நதிக்கரை போய்ச் சேர 15 நாள் ஆகும். அவர் வழியில் நனையக்கூடாது என்று. இந்த விளக்கத்தைக் கேட்ட நாளிலிருந்து டிசம்பர் மழை வரி எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது.

அதற்கடுத்து சிம்ஹத் தோரா. உபாகமத்தின் கடைசி வரியை வாசித்து முடித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியைத் தொடங்குவார்கள். எல்லாச் சுருளையும் பேழையிலிருந்து எடுத்து, ஏழு சுற்று ஆட்டமும் பாட்டுமாக. இதற்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், தாராளமாக.

இங்கே கொச்சி யூதர்களைச் சொல்லாமல் போக மனமில்லை. மட்டாஞ்சேரியின் பரதேசி ஜெப ஆலயம் 1568இல் கட்டியது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். கேரள ஜெப ஆலயங்களுக்கே உரிய ஒன்று, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இருக்கும் இரண்டாவது வாசிப்பு மேடை. சிம்ஹத் தோரா அன்று பிற்பகலில் சுருள்களை ஆலயத்துக்கு வெளியே எடுத்துவந்து கட்டடத்தைச் சுற்றி ஊர்வலம் போவது அவர்கள் வழக்கமாக இருந்தது. பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் எழுதிவைத்த மலையாளப் பாடல்களைப் பாடினார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். எந்த மண்ணின் மழையை அவர்களுடைய முன்னோர் கேரள மழைக்குள் நின்று கேட்டார்களோ, அந்த மண்ணுக்கு.

படி 5: குளிர்காலம்

கிஸ்லேவ் 25 ஹனுக்கா. கி.மு. 164இல் மக்கபேயர் என்கிற யூதப் போராளிகள் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மை செய்ததன் நினைவு. முதல் இரவு ஒரு சுடர், எட்டாம் இரவு எட்டு. ஏற்றப் பயன்படும் துணைத்திரியையும் சேர்த்தால் மொத்தம் 44 மெழுகுவர்த்தி, கடையில் பெட்டியே அந்த எண்ணிக்கையில்தான் விற்கும். விளக்கை ஜன்னலோரம் வெளியே தெரியும்படி வைப்பார்கள். எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடுவார்கள்: உருளைக்கிழங்கு அடை, ஜாம் வைத்த உருண்டை. வெளியே பெரிதாகத் தெரிந்தாலும் சட்டப்படி இது சிறிய பண்டிகை, வேலைக்குப் போகலாம். "யூதர்களின் கிறிஸ்துமஸ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஷெவாத் 15 மரங்களின் புத்தாண்டு. இஸ்ரேலில் பாதாம் மரம் வெள்ளையாகப் பூத்து நிற்கும் நேரம். இங்கே வெள்ளையாக நிற்பது உறைபனி. அத்தி, பேரீச்சை, மாதுளை, ஒலிவம் என்று உலர்ந்ததாவது கிடைத்தால் தட்டில் வைத்து உண்பார்கள்.

படி 6: பூரிமிலிருந்து பஸ்கா வரை

ஆதார் 14 பூரிம். அதிக மாத ஆண்டில் இரண்டாம் ஆதாரில் வரும். எஸ்தர் சுருளை வாசிக்கும்போது யூதர்களை அழிக்கப் பார்த்த ஆமானின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் கிலுகிலுப்பை ஆட்டி, காலைத் தரையில் உதைத்து அந்தப் பெயரையே மூழ்கடிப்பார்கள். கடமை நான்கு: சுருளைக் கேட்பது, ஏழைகள் இருவருக்காவது கொடை, ஒரு நண்பருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்புவது, விருந்து. உங்கள் வாசலுக்கும் ஒரு கூடை வரலாம். உடனே திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கொடுக்க நினைத்தால் முழுப் பழமாகக் கொடுங்கள்.

பூரிம் முடிந்த மறுநாளே வீட்டில் காற்று மாறும். இன்னும் 30 நாளில் பஸ்கா. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஐந்தில் எதிலும் புளித்தது ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக்கூடாது. நம் போகிச் சுத்தத்தை ஒரு மாதத்துக்கு நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. சோபா இடுக்கு, கோட்டுப் பை, காரின் சீட்டடி, குழந்தையின் பள்ளிப் பை எல்லாம். அடுப்பைப் பழுக்கக் காய்ச்சுவார்கள், அன்றாடப் பாத்திரங்களைக் கட்டி ஏற்றிவிட்டுப் பஸ்காவுக்கென்றே இருக்கிற பாத்திரங்களை இறக்குவார்கள். கொச்சியில் ஒரு காலத்தில் ஹனுக்கா முடிந்ததுமே இந்த வேலை தொடங்கிவிடுமாம்: வெள்ளையடிப்பது, கிணறு இறைத்துச் சுத்தம் செய்வது, அரிசியை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவது.

அரிசியா என்று கேட்பீர்கள். அஷ்கெனசிகள் பஸ்காவில் அரிசியும் பருப்பும்கூடத் தொடமாட்டார்கள். செபார்டிகளும் கொச்சிக்காரர்களும் அரிசி சாப்பிடுவார்கள். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவு 2015இல் தன் அஷ்கெனசிகளுக்கும் அனுமதி தந்தது. ஆகவே விருந்துக்குப் பஸ்காவில் எதையும் ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

எறிய மனமில்லாத, எறிந்தால் நஷ்டமாகும் புளித்த பொருளை என்ன செய்வது? விற்றுவிடுவார்கள். மதகுருவான ரபியிடம் ஆளுக்கு ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்க, அவர் எல்லோருடையதையும் சேர்த்து யூதரல்லாத ஒருவருக்கு முறையான ஒப்பந்தத்தில் விற்பார். வாங்கியவர் முன்பணம் தருவார். பண்டிகை முடிந்ததும் மீதிப் பணம் வராவிட்டால் பொருள் திரும்பும். இது பேருக்குச் செய்கிற விற்பனை இல்லை. அந்த எட்டு நாளும் பக்கத்து வீட்டு அலமாரியில் ஒட்டுக்காகிதம் போட்டு மூடியிருக்கிற விஸ்கி அவர்களுடையது அல்ல.

பண்டிகைக்கு முந்தின இரவு கடைசித் தேடல். விளக்கை அணைத்து, ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இறகு, ஒரு மரக்கரண்டி. தேடல் வீண் போகக்கூடாது என்று பத்து ரொட்டித் துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பிள்ளைகள் முன்பே ஒளித்து வைத்திருப்பார்கள். தாத்தா மெழுகுவர்த்தியோடு குனிந்து குனிந்து போக, பேத்தி இறகால் துண்டைக் கரண்டியில் தள்ளுவாள். ஒரு வருஷம் ஒன்பதுதான் கிடைத்தது. பத்தாவதைத் தேடி இரவு பதினொன்று ஆயிற்று. ஒளித்து வைத்த சின்னவன் தூங்கிப் போயிருந்தான். கடைசியில் பியானோவின் மூடிக்குள் இருந்தது. மறுநாள் காலை எல்லாவற்றையும் தோட்டத்தில் எரித்தார்கள்.

அன்று இரவு செதர் என்கிற பஸ்கா விருந்து. மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டெடுத்த மாட்சா அப்பம், கசப்புக் கீரை, ஆப்பிளும் கொட்டையும் அரைத்த இனிப்பு, உப்புத் தண்ணீர், நான்கு கோப்பை திராட்சை ரசம். கடைக்குட்டி எழுந்து "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறு?" என்று கேட்கும், அதற்குப் பதிலாகத்தான் எகிப்திலிருந்து விடுபட்ட கதை முழுக்கச் சொல்லப்படும். உங்களை அழைத்தால் கட்டாயம் போங்கள். சாப்பாடு வர இரண்டு மணி நேரம்கூட ஆகும், ஆகவே மாலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போங்கள். பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்று தொடக்கத்தில் ஒரு வாசகம் வரும். வார்த்தையோடு நிற்பதில்லை, பண்டிகைக்கு முன்பே ஆலயங்கள் ஏழைக் குடும்பங்களுக்கென்று நிதி திரட்டி மாட்சாவும் மளிகையும் அனுப்பிவைக்கும்.

மறுநாள் ஆலயத்தில் பனித்துளிக்கான பிரார்த்தனை. இஸ்ரேலில் மழைக்காலம் முடிந்து, இனி கோடையில் பயிருக்குப் பனித்துளிதான். மழை வரியை அப்போது நிறுத்திவிடுவார்கள்.

படி 7: எண்ணுகிற நாட்கள்

பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 இரவு எண்ணுவார்கள். பார்லி அறுவடையிலிருந்து கோதுமை அறுவடை வரை. ஒரு இரவு முழுக்க எண்ண மறந்து, மறுநாள் பகலிலும் நினைவு வராவிட்டால், பிறகு ஆசிச்சொல் சொல்லி எண்ண முடியாது. அதனால் குளிர்ப்பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். இந்த நாட்களில் பெரும்பகுதி கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33ஆம் நாள் விலக்கு, அன்று தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். ஆடியில் கல்யாணம் வைக்காத நமக்கு இது புதிதல்ல.

ஐம்பதாம் நாள், சிவான் 6, ஷவுவோத். சீனாய் மலையில் தோரா பெற்ற நாள். ஆலயத்தைப் பச்சை இலையாலும் பூவாலும் அலங்கரிப்பார்கள், பால் பலகாரம் சாப்பிடுவார்கள், கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையை வாசிப்பார்கள். இரவு முழுக்க விழித்துப் படிப்பது வழக்கம். பல ஆலயங்களில் இந்தப் படிப்புக்கு யாரும் வரலாம். நள்ளிரவில் சீஸ்கேக்கும் காபியும் உண்டு, விடிகாலை நாலு மணிக்கு ஒரே வரியின் பொருளுக்காகக் குரல் உயர்த்தி வாதாடுகிற கிழவர்களும் உண்டு.

படி 8: கோடையின் துக்கம்

தம்மூஸ் 17இலிருந்து ஆவ் 9 வரை மூன்று வாரம் துக்கம். ஆவ் 9 திஷா பாவ்: கி.மு. 586இல் பாபிலோனியரும் கி.பி. 70இல் ரோமரும் எருசலேம் ஆலயத்தை அழித்ததற்காக 25 மணி நேர நோன்பு. அன்று மாலை ஆலயத்தில் விளக்கைக் குறைத்து, பேழைத் திரையை எடுத்துவிட்டு, தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ உட்கார்ந்து புலம்பல் ஆகமத்தைத் தாழ்ந்த குரலில் ஓதுவார்கள். அன்று ஒருவரை ஒருவர் வாழ்த்துவதில்லை. எதிரில் வருகிற நண்பர் பேசாமல் தலையை மட்டும் அசைத்துப் போனால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாழ்ப்பாண நூலகத்தைப் பறிகொடுத்த நாளை நெஞ்சில் வைத்திருக்கிற நம்மில் பலருக்கு அந்த இருட்டறையின் ஓசை அந்நியமாக இருக்காது.

அதற்கு மூன்று வாரம் கழித்து எலூல் பிறக்கும். டொராண்டோவில் அப்போது கோடையின் கடைசி, ஜன்னல்கள் திறந்தே இருக்கும். காலை ஏழு மணி வாக்கில், பால் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது, தெருக்கோடியிலிருந்து கொம்புச் சத்தம் வரும். ஊதுகிறவருக்கு அன்று மூச்சு சரியாகப் பிடிபட்டிருக்காது. ஓசை பாதியில் உடைந்து, மறுபடி எழும்பும்.